சொல்லிட்டுத் தொடு

கற்பகவல்லியின் காய்ந்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்த சிவபாண்டி, வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஆமத்தூருக்குள் வரும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியும்போதே போய்விட்டிருந்தன. இது விருதுநகர் நர்சிங் கல்லூரி வேன். கொண்டையை வலைக்குள் அடக்கிய நான்கு பெண்கள் சீருடையில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்ரீமதி டீச்சர். கற்பகவல்லியோடு அதே கல்லூரியில் வேலை பார்ப்பவர்.

"யாருலே இவளுக?" என்றாள் முத்துப்பேச்சி. சிவபாண்டியின் அக்கா. மூன்று நாளாகத் தம்பி வீட்டிலேயே கிடக்கிறாள்.

"கற்பகத்துக்கிட்டப் படிக்கிற பிள்ளைக. அவதான் வரச் சொன்னா."

"சாகக் கெடக்கிறவளப் பாத்துப் படிக்கவா? ஏலே, இது வீடா, பள்ளிக்கூடமா?"

சிவபாண்டி துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்தார். கற்பகவல்லிக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்து சேர்ந்த அன்று சாயங்காலம், பேச்சு இன்னும் தெளிவாக இருக்கும்போதே, அவள் கேட்டாள்.

"ஏங்க, என் கடைசி வருசத்துப் பிள்ளைக ஒண்ணுகூட இன்னும் ஒரு சாவ முழுசாப் பாக்கல. வார்டுல நேரம் நெருங்குனா ஸ்கிரீன இழுத்துவிட்டுட்டு, சின்னப் பிள்ளைகள வெளிய அனுப்பிருவோம். நானும் அனுப்பிருக்கேன். பெறகு வேலைக்குப் போன எடத்துல தனியா மாட்டிக்கிட்டு முழிக்குதுக. எனக்கு ஆகுறப்ப அதுகள வரச் சொல்லவா?"

"என்ன பேச்சு பேசுற நீ? நீ என் பொண்டாட்டி. பாடம் இல்ல."

அவள் சிரித்தாள். வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "ரெண்டுமா இருந்துட்டுப் போறேனே."

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அவரேதான் ஸ்ரீமதி டீச்சருக்குப் போன் போட்டார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அவர் தீக்காய வார்டு நர்ஸாகத்தான் அறிவார். இந்தப் பக்கத்தில் அந்த வார்டு காலியாகக் கிடந்ததில்லை. தீபாவளி சீசன் நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும். வீட்டுக்கு வரும்போது அவள் புடவையில் மருந்து வாடை இருக்கும். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு மாசி மாதம் ஒரு பட்டாசுக் கொட்டகை வெடித்து ஒரே மதியத்தில் வார்டு நிறைந்தது. மறுநாள் திரும்பி வந்தவள் அடுப்படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கட்டில்ல நிக்கேன், அடுத்த கட்டில் கூப்பிடுது. எனக்கு ரெண்டு கைதானேங்க இருக்கு" என்றாள். அந்த வருடமே வார்டை விட்டுவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தச் சேர்ந்தாள்.

வார்டில் ராணி மாதிரி நடந்தவள் வகுப்பில் திணறிப்போனாள். முதல் மாதம் தினமும் வாடிய முகத்தோடு வந்தாள். "கை செய்யுது, வாய் சொல்ல மாட்டேங்குது. காயத்தக் கழுவையில அம்புட்டு நிதானமா எப்பிடிக் கை போகுதுன்னு ஒரு பிள்ள கேட்டா. என்ன சொல்லன்னு தெரியல. யாரும் எனக்குச் சொல்லித் தரலியே." பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலமானால் சிவபாண்டியைக் கட்டிலில் படுக்கப் போட்டு, புரட்டி, தூக்கி, துடைத்து, கை செய்வதையெல்லாம் வாயால் சொல்லிப் பார்ப்பாள். "பேசண்ட் தூங்குனாலும் சரி, நெனவு இல்லாட்டியும் சரி, சொல்லிட்டுத்தான் தொடணும்" என்பாள். அவர் வேண்டுமென்றே குறட்டை விடுவார். தோளில் ஒரு அடி விழும்.

இப்போது அந்தக் கட்டிலில் அவள் கிடந்தாள்.

பெண்கள் கை கழுவிவிட்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நால்வரில் ஓவியா என்ற பெண் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மெலிந்து ஒட்டிப்போன அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கற்பகவல்லி கண்ணைத் திறந்தாள். யார் யார் என்று நிதானமாகப் பார்த்தாள்.

"பயமா இருக்கா, ஓவியா?"

"ஆமா மேடம்."

"இருக்கட்டும். கைய மட்டும் எடுக்காத."

ஓவியா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கற்பகவல்லி பேசியது கொஞ்சம்தான். பாதம் ஜில்லிட்டுக்கொண்டு வருவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். மூச்சு நின்று நின்று வரும், அதைக் கண்டு வீட்டாட்கள் பயப்படுவார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். முத்துப்பேச்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மதியத்துக்கு முன்னால் பேச்சு நின்றது. மூச்சு அவள் சொன்னது போலவே ஆனது. ஒன்று வரும், நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது, திரும்ப ஒன்று வரும்.

"ஐயா, இப்பிடித்தான் இருக்கும். மேடத்துக்கு வலி இல்ல" என்றாள் ஓவியா. குரல் நடுங்கினாலும் சொல்லி முடித்தாள். "பக்கத்துல வந்து பேசுங்கய்யா. காது கேக்கும்னு நெனச்சே பேசணும்."

சிவபாண்டி குனிந்தார். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனுஷியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"மக்காச்சோளத்துக்குத் தண்ணி பாச்சிட்டேன்" என்றார். "கெழக்குப் பாத்தி வரைக்கும் ஏறிருச்சு. நம்ம பய விக்னேஷ் ஓசூர்ல இருந்து கெளம்பிட்டான். மதுரை தாண்டிட்டானாம்."

ஒரு மூச்சு வந்தது. எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அடுத்தது வரவில்லை. ஓவியா கையை எடுக்கவில்லை.

முத்துப்பேச்சியின் அழுகைதான் முதலில் எழுந்தது. தெருவிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில், ஸ்ரீமதி டீச்சர் பையைத் திறந்து பஞ்சும் துணியும் எடுப்பதை முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர். சொந்தபந்தம் நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம். எங்க வீட்டுப் பொணத்த நாங்க குளிப்பாட்டிக்கிருவோம். ஊரான் பிள்ளைக தொட வேண்டாம்."

டீச்சர் கை அப்படியே நின்றது. பெண்கள் நான்கு பேரும் சிவபாண்டியைப் பார்த்தார்கள். தெருப் பெண்களும் பார்த்தார்கள். அக்கா பேச்சை மீறி அந்த வீட்டில் அவர் ஒன்றும் செய்ததில்லை.

"அக்கா, அவ கேட்டுக்கிட்டது இதத்தான்" என்றார். "மொதல்ல அந்தப் பிள்ளைக செய்யட்டும். பெறகு நீங்க செய்யுங்க."

"அப்ப நீயாவது வெளிய போலே."

"இல்ல. நான் இங்கனதான் நிப்பேன்."

கதவைச் சாத்தினார்கள். உள்ளே அந்தப் பெண்களும் டீச்சரும் முத்துப்பேச்சியும்; நிலையைப் பிடித்தபடி சிவபாண்டி.

ஓவியா தலைமாட்டில் வந்து நின்றாள்.

"மேடம், நான் ஓவியா. உங்க கண்ண மூடப் போறேன்."

மூடினாள். விரலை அங்கேயே வைத்திருந்து, மெல்ல எடுத்தாள்.

"இப்ப தாடையில கட்டுப் போடுறோம் மேடம்."

அடுத்த பெண் கால்பக்கம் வந்தாள். "மேடம், சிறுநீர்க் குழாய எடுக்கப் போறேன். கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும்."

சிவபாண்டி நிலையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். இழுத்த மாதிரி இருக்கும் என்று செத்தவளிடம் சொல்கிறாள். விளையாட்டில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில், கட்டிலில் கிடப்பவளுக்கு உண்மையிலேயே வலித்துவிடக் கூடாதே என்ற கவனம் இருந்தது.

வெந்நீரை முழங்கையின் உட்பக்கம் விட்டுப் பார்த்தார்கள். துணியை நாலாக மடித்து, சொட்டாமல் பிழிந்தார்கள். துடைத்த இடத்தை உடனே மூடிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். வெவ்வேறு ஊர்ப் பெண்கள். ஒருத்தி சாத்தூர், ஒருத்தி திருத்தங்கல். எல்லார் மணிக்கட்டும் ஒரே மாதிரி திரும்பியது. கற்பகம் திருப்புகிற மாதிரி. அறைக்குள் எந்தப் பக்கம் பார்த்தாலும் அவள் கை வேலை செய்துகொண்டிருந்தது. கோயிலில் நடை திறக்கும்போது நிற்பது போல, அவர் அறியாமலே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், முதுகு துடைக்கணும். இடது பக்கம் புரட்டுறோம்" என்றாள் ஓவியா. தலையைப் பிடிக்க ஒரு ஆள் குறைந்தது. தலை சரிந்தது.

முத்துப்பேச்சி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே போனாள். கையை நீட்டியவள், ஒரு கணம் நிறுத்தினாள்.

"கற்பகம்," என்றாள், "அத்தாச்சி வந்திருக்கேன். ஒன் தலையப் புடிக்கிறேம்மா."

மகன் விக்னேஷ்வரன் வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். சிவகாசியில் கம்பெனி வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரர், ஊர்வலத்துக்கென்று சரவெடி ஒரு லோடு இறக்கியிருந்தார். "திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க மாமா" என்றார் சிவபாண்டி. சொந்தக்காரர் சரி என்று தலையசைத்தார். சத்தமில்லாமல் போன ஊர்வலத்தை ரோட்டோரம் நின்ற கம்பெனி வேனிலிருந்து பெண்கள் இறங்கிப் பார்த்தார்கள். தழும்பேறிய கைகள் சில கும்பிட்டன.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது, கல்லூரி வேன் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும் வந்திருந்தன. பின்கட்டில் அந்தப் பெண்களை வரிசையாக உட்காரவைத்து முத்துப்பேச்சி இலை போட்டிருந்தாள். காலையிலிருந்து அவர்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மற்ற மூவரும் முடித்துக் கை கழுவப் போய்விட்டார்கள். ஓவியா மட்டும் காலி இலையின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. கண் வீங்கியிருந்தது.

சிவபாண்டி சோற்றுப் பாத்திரத்தோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவா, தாயி?"

அவள் கூச்சத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

அவர் குனிந்து, கரண்டி நிறைய எடுத்து, இலையின் நடுவில் வைத்தார்.