ஸ்டிக்கர் ஒட்டாத மூடி

இரண்டாம் வகுப்பு டீச்சரம்மாவைப் பயிற்சிக்கு அனுப்பியதுதான் வினையாகப் போயிற்று. பிள்ளைகளைக் காய்கறி தின்னப் பழக்க வேண்டும் என்று அங்கே யாரோ ஓதிவிட, மறுநாளே கட்டு நிறைய நட்சத்திர ஸ்டிக்கரோடு வந்து இறங்கினார். மதியம் டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். காய் இருந்தால் மூடியில் ஒரு நட்சத்திரம். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனதிலிருந்து டீச்சரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காயை யார் தின்றார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒரே கேரட் துண்டு பெஞ்சுக்கடியில் டப்பா டப்பாவாக ஊர்வலம் போய், எல்லாருக்கும் நட்சத்திரம் வாங்கித் தந்துவிட்டுக் குப்பைக்கூடையில் விழும். வகுப்பில் டீச்சரைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும்.

அவர் கவலையெல்லாம் ஜன்னலோர பெஞ்சுச் சிறுமி குண்டுமணியைப் பற்றி. அது டப்பாவைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. கேட்டால், "பசிக்கல டீச்சர்." மதியத்துக்கு மேல் மேஜையில் தலை சாய்ந்துவிடும்.

அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். பஸ் டிரைவர், சீருடையோடு ஓடி வந்தார்.

"பாப்பாவுக்கு என்னங்க கட்டிக் குடுக்குறீங்க?"

"ரொட்டியும் முட்டையும்தான் டீச்சர். அவங்கம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருக்கா. எனக்குத் தெரிஞ்ச சமையல் அவ்வளவுதான். ஆனா டப்பா காலியாத்தானே வருது? 'சூப்பர்ப்பா'ங்குறாளே!"

ஜன்னலுக்கு வெளியே மதிலில் உட்காரும் காக்காய்கள் ஏன் இப்படிக் கொழுத்திருக்கின்றன என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம் டீச்சர், ஏதோ ஸ்டிக்கராமே? நம்ம மூடியில எண்ணெய்ப்பசை, அதான் ஒட்ட மாட்டேங்குதுன்னு பாப்பா சொன்னா. நானும் தினம் சோப்பு போட்டுத் தேய்க்கிறேன், பசை போகவே மாட்டேங்குது."

மிச்சமும் டீச்சருக்கு விளங்கிவிட்டது. அப்பா சமையலுக்கு நட்சத்திரம் இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியக் கூடாது, வகுப்புக்கும் தெரியக் கூடாது. அதற்காக இந்தப் பொடிசு பட்டினி கிடந்திருக்கிறது.

"மூடி நல்லாத்தாங்க இருக்கு," என்றார். "எங்க ஸ்டிக்கர்தான் மட்டம்."

மறுநாள் ஸ்டிக்கர் கட்டு வெளியே வரவில்லை.

"டீச்சர், நட்சத்திரம்?" என்றான் முன்பெஞ்சுப் பையன்.

"தீர்ந்துபோச்சு. வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படி டீச்சர் சாப்பிடுறது?"

அவனை முறைத்துவிட்டு, ஜன்னலோர பெஞ்சில் தன் பெரிய உடம்பைத் திணித்துக்கொண்டார். "குண்டுமணி, எனக்குப் பங்கு தருவியா?"

மூடி மெல்லத் திறந்தது. "காய் இல்ல டீச்சர்."

"எனக்கு முட்டைதான் வேணும்."

டீச்சர் மெல்லுவதையே குண்டுமணி பார்த்துக்கொண்டிருந்தது. "கருகிருக்கா?"

"ஓரத்துல கொஞ்சம். மத்தபடி பிரமாதம். கூட ரெண்டு துண்டு வெள்ளரிக்காய் இருந்தா இன்னும் நல்லாருக்கும். அப்பாவுக்கு நறுக்கத் தெரியுமா?"

"பஸ்ஸே ஓட்டுறாரு டீச்சர்!" என்றது குண்டுமணி, வாய் நிறைய ரொட்டியோடு.