வேதம் திறந்த பக்கம்

சனிக்கிழமை சாயங்காலம் தங்கராஜு குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தபோது, கையில் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஆட்டுக்கறிப் பொட்டலமும் வாயில் மறுநாள் பிரசங்கமும் இருந்தன. செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். சபையில் காலேஜ் படிக்கிற பையன்கள் சிலர், வேதம் மனிதர்கள் எழுதிய புத்தகம்தானே என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். போதகர் அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையைத் தங்கராஜுவின் தலையில் கட்டிவிட்டார். பிழைப்புக்குத் தங்கராஜு ஒரு கிளார்க்தான். ஆனால் மேடை ஏறினால் லேசில் இறங்கமாட்டார் என்பது சபைக்கே தெரியும்.

“கேளுங்க அண்ணி. எழுதினவங்க யாரு? ஒருத்தன் ராஜா, ஒருத்தன் மீன் பிடிக்கிறவன், ஒருத்தன் ஆடு மேய்க்கிறவன். பாதிப் பேரு ஒருத்தரையொருத்தர் பாத்ததுகூட இல்ல. ஆனா எல்லாம் ஒரே கதையாத்தானே போகுது? எத்தனை பேரு கொளுத்திப் பாத்தாங்க, அழிஞ்சுதா? முன்னால சொன்னது பின்னால அப்படியே நடந்திருக்கு. மனுஷ மூளைக்கு இது முடியுமா?”

“முடியாதுதான் தம்பி” என்றாள் தயாமணி, கறியைக் கழுவிக்கொண்டே. மனதார்த்தான் சொன்னாள். இந்தக் காரணங்களோடு அவளுக்கு ஒரு வழக்கும் கிடையாது. அவள் பயந்தது கடைசிக் காரணத்துக்கு. தங்கராஜு எந்தப் பிரசங்கத்தையும் அதைச் சொல்லாமல் முடித்ததில்லை.

அது அவருடைய சொந்தக் கதை. ஜப்பான்காரன் ஆட்சியில், சயாம் ரயில் பாதை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது தங்கராஜு, அவருடைய அண்ணன் அருள்தாஸ், அண்ணன் மனைவி தயாமணி, கைக்குழந்தை லீலா எல்லோரும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரே அறையில் குடியிருந்தார்கள். விடிந்ததும் தங்கராஜு ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்தார். முன்னால் செங்கடல், பின்னால் எகிப்தியர் படை, நடுவே தவிக்கிற ஜனங்கள். பயப்படாமல் நில்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிற இடம். தங்கராஜு நின்றுவிட்டார். அண்ணன் போனார். திரும்பவில்லை. “இதுக்கு மேல எனக்கு வேற அத்தாட்சி வேணாம்” என்று முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அவர் குரல் உடையும். சபையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தயாமணியும் துடைத்துக்கொள்வாள். அவள் அழுகைக்குக் காரணம் வேறு.

அன்று தம்பிக்கு முன்னால் எழுந்தவர் அருள்தாஸ். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வேதத்தைத் திறந்தார். புத்தகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பரப்பி, விரல் பட்ட வரியைத் தயாமணிக்குக் காட்டினார். அதே பக்கம். ஆனால் அவர் விரல் இன்னும் கொஞ்சம் கீழே விழுந்திருந்தது. ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிற இடம். “சொல்லிட்டாரு, தயா” என்று மட்டும் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, முகம் கழுவப் போனார். அந்த நேரத்தில்தான் தம்பி அதை எடுத்தது. அழுத்தி வைத்த இடத்தில் புத்தகம் தானாக விரிந்ததோ, விரிய வைத்தவர் ஆண்டவரோ, தயாமணிக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் எதைப் படித்தார் என்று தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணன் குடும்பத்துக்காகக் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் உழைத்தவர் கட்டிய கோபுரத்தை எந்தக் கையால் தட்டிவிடுவது?

கல்லறை இருந்திருந்தால் அருள்தாஸ் அங்கே இருந்திருப்பார். அவருக்கு அது வாய்க்கவில்லை. அதனால் வேதத்தின் அந்தப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார். சபையில் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் தயாமணிக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். அவருடைய செருமல். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். எழுந்து வெளியே குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாசிப்பு முடிந்த பிறகுதான் உள்ளே வருவாள். பாவம், சர்க்கரை வியாதி என்று சபையார் முடிவு கட்டியிருந்தார்கள்.

லீலா வேலையிலிருந்து வந்தாள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

“சித்தப்பா, மண்டேக்குள்ள பதில் சொல்லணும் லா. அம்மா போன்னும் சொல்ல மாட்றாங்க, வேணாம்னும் சொல்ல மாட்றாங்க.”

“அம்மாவ ஏம்மா கேக்குற? நம்ம வீட்ல யாரைக் கேக்குறது வழக்கம்?” தங்கராஜு சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து வேதத்தை எடுத்தார். அதே புத்தகம். அட்டை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். “நாளைக்கு அந்தப் பசங்ககிட்ட இதையும் சொல்லுவேன். நேத்துப் பேசினவர் இன்னிக்கும் பேசுறார்னு. உக்காரு. ஜெபம் பண்ணிட்டு நீயே திற.”

லீலா கண்ணை மூடினாள். தகப்பனைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மூடினாள். தயாமணிக்குப் பின்னால் செருமல் கேட்டது. அவள் கறிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, ஈரக் கையைப் புத்தகத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

“வேணாம்.”

“அண்ணி, என்ன இது? கையெல்லாம் கறி!”

“உங்க அண்ணனும் தொறந்தாரு தம்பி. அன்னிக்கு, உங்களுக்கு முன்னால. அதே பக்கந்தான். அவர் விரலு கொஞ்சம் கீழ பட்டுச்சு. போன்னு இருந்துச்சு. அதான் போனாரு.”

தங்கராஜு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவர்போல அவளைப் பார்த்தார். “அண்ணன் மூத்தவர்ங்கிறதால போனாரு...”

“இல்ல. உங்கள மாதிரியேதான் அவரும் கேட்டாரு. அவருக்கும் பதில் கெடச்சுது.”

இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. நிம்மதியாக இல்லை. புருஷனைத் தானே ஒரு தடவை கொன்றுவிட்டதுபோல் இருந்தது.

தங்கராஜு அவள் கையை மெல்ல நகர்த்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ‘நில்லுங்கள்’ என்ற இடத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கினார். நடுவில் ஒரே ஒரு வசனம். உதடு அசைந்தது. மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி படித்தார்.

“மேல பேசுறது மோசே” என்றார். குரல் அவருடையதாக இல்லை. “நிக்கச் சொன்னது மோசே, அண்ணி. மனுஷன். கீழ பேசுறதுதான் ஆண்டவர்... போகச் சொன்னதுதான்...”

முடிக்க வேண்டாம் என்று தயாமணி தலையை ஆட்டினாள்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. லீலா போய் அணைத்துவிட்டு வந்தாள். தன்னை மடியில் வைத்து வளர்த்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ நான் என்ன பண்றது, அம்மா?”

புத்தகம் சொன்ன வார்த்தைதான் தயாமணியின் நாக்கிலும் வந்து நின்றது. அதை அப்படியே சொல்ல அவள் துணியவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை ஈரம் சட்டையில் பட்டதுகூடத் தெரியவில்லை.

“போயிட்டு வா” என்றாள். “வா” என்பதை இன்னொரு தடவையும் சொன்னாள்.

தங்கராஜு நிமிரவில்லை. அவர் விரல் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்கியது. திரும்ப மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. அவருக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்தத் தடவை தங்கராஜு திரும்பிப் பார்த்தார்.