வலது கை எடுக்காத எடை

என் வலது கையும் இடது கையும் வெவ்வேறு ஜிம்முக்குப் போகின்றன. வலது கை மட்டக்கடையில் சுடலைமணி மாஸ்டரிடம் போகிறது. இடது கை பாளை ரோட்டில் பெவின் மாஸ்டரிடம். நான் இரண்டுக்கும் துணையாகப் போய் வருகிறேன்.

இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. சுடலைமணி மாஸ்டரிடம் நான் சேரப் போன அன்று, வலது கைதான் கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்டவருக்கு மட்டுமே பயிற்சி என்பது அங்கே முறை. இடது கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒரு காலையில் வீடு திரும்பும்போது, வண்டியின் ஹேண்டிலைப் பாளை ரோட்டுப் பக்கம் தானாகவே திருப்பிவிட்டது. பெவின் மாஸ்டரின் ஜிம்மில் கைநாட்டுதான். ஆண்களுக்கு இடது பெருவிரல் என்பதால் அங்கே வலது கைக்கு வேலையே இல்லை. அது பைக்குள் போய்விட்டது.

சுடலைமணி மாஸ்டருடையது கனத்தின் வழி. அசைக்கவே முடியாது என்று தோன்றுகிற எடையை நாலைந்து தடவை தூக்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக மூச்சு வாங்க வேண்டும். அப்படி உட்கார்வதும் பயிற்சிதான். இடையில் பேச்சுக் கொடுத்தால் மாஸ்டருக்குக் கோபம் வரும். பெவின் மாஸ்டரிடம் எல்லாம் சின்ன டம்பெல். ஆனால் இனி ஒரு தடவைகூட முடியாது என்று கை தொங்கும்வரை தூக்க வேண்டும். தொங்காத கையோடு கிளம்புகிறவர்களை அவர் வாசலிலேயே மறித்து உள்ளே அனுப்பிவிடுவார்.

நான் வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன். என் தொழிலுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே ஒத்துவந்தது. சிலிண்டர் வலது கையின் பொறுப்பு. நாலு வீட்டுக்கு இறக்கியதும் அது ஓய்வெடுக்கும். ஐந்தாவது வீட்டில் அதற்கு ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள். கேட்டைத் திறப்பதும் பில்லைக் கிழிப்பதும் பெல் அடிப்பதும் இடது கை. சோர்ந்து விழும்வரை பெல் அடிக்கும் என்பதால், எங்கள் லைனில் கதவு திறக்காத வீடு என்று ஒன்று கிடையாது.

எந்தக் கை பெரிது என்று இரண்டு மாஸ்டர்களுக்கும் ஒரு போட்டி இருந்தது. என் மனைவி பிரம்மசக்தியின் அண்ணன் லிங்கதுரை டெய்லர். அவர் கடையில் வைத்து அளந்தார்கள். இரண்டும் ஒரே சுற்றளவு. டேப்பை மாற்றச் சொன்னார்கள். மாற்றினாலும் அதே அளவுதான் வந்தது. மாஸ்டர்கள் இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

"சைஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதான் மாப்பிள்ளை. பிறகென்ன, ரெண்டு கைக்கும் ஒரே வெட்டுல முடிச்சிருவேன்" என்றார் லிங்கதுரை.

பலத்தில்தான் வித்தியாசம். நிறைந்த சிலிண்டரை வலது கை ஒரே மூச்சில் தூக்கிவிடும். இடது கை அதை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆனால் ஒரு குடையை நாள் முழுக்கப் பிடி என்றால் இடது கை பிடிக்கும். வலது கை குடையைத் தொடாது. இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும் அது தொடுவதில்லை. சாப்பாடுகூட எனக்கு ஸ்பூனில், இடது கையால்தான்.

பிரம்மசக்திக்கு நிறைமாதம் வந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, பிள்ளைய எந்தக் கையில வாங்குவீங்க?"

நான் இதை யோசித்திருக்கவே இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை முதலில் தகப்பன்தான் வாங்க வேண்டும். வலது கை முன்னே வர வேண்டும், இடது கை தாங்கலுக்கு. சில்லறைப் பாக்கியைக்கூட இடது கையில் வாங்காத ஊரில் பிள்ளையை வாங்க முடியுமா? வலது கை நீளாவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கிற தகப்பனிடம் கொடுத்துவிடுவார்கள். போன மாதம்கூட ஒரு டிராயிங் மாஸ்டர் இப்படி இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனார். நல்ல மனுஷன், இரண்டையும் நன்றாகத்தான் வளர்க்கிறார்.

வலது கையில் ஒரு பப்பாளிப் பழத்தை வைத்துப் பார்த்தேன். கீழே விட்டது. தலையணையை வைத்தேன், அதையும் விட்டது. கெஞ்சினேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன். எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டது.

சுடலைமணி மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லேசான எடைய கை ஒரு தடவை ருசிச்சிட்டுன்னா பிறகு கனத்துக்கு வராதுல்லா. பிள்ளை இருபது கிலோவுல பிறக்குமான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க."

கேட்டேன். பிரம்மசக்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெவின் மாஸ்டரிடமும் போனேன். "இடதைப் பத்திக் கவலைப்படாதீங்க, தொங்குத வரைக்கும் தாலாட்டும். வலதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

வலி வந்த அன்று லிங்கதுரையும் கூட வந்தார். பிரசவ வார்டின் முன்னால் தகப்பன்மார் வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்றவர் ஹார்பரில் வேலை பார்ப்பவராம். இரண்டு கைகளையும் ஏற்கெனவே நீட்டித் தயாராக வைத்திருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜெசிந்தா சிஸ்டர் பிள்ளையோடு வெளியே வந்தார்.

"பொம்பளப் பிள்ளை. மூணு கிலோ."

இடது கை உடனே முன்னால் போனது. சிஸ்டர் ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"வலதை நீட்டுங்க அண்ணாச்சி."

வலது கை பைக்குள் இருந்தது. நான் குனிந்து அதனிடம் பேசினேன். வரிசையில் எல்லோரும் கேட்டிருப்பார்கள், எனக்கு வெட்கமில்லை. "உன்கிட்ட இனிமே எதுவும் கேக்க மாட்டேன். எனக்கு இந்தப் பிள்ளை வேணும்" என்றேன். லிங்கதுரை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கை வெளியே வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது, விரல்களும் மூடியே இருந்தன. சிஸ்டர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்தவர் பக்கம் திரும்பினார். அவர் நல்ல விதமாகப் புன்னகைத்தார்.

அப்போது பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து அந்த மூடிய கையைப் பார்த்தது.

சிஸ்டரின் முழங்கால் லேசாக மடங்கியது. "அஞ்சு கிலோ" என்றார். பிள்ளையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பத்து. பதினாலு. சீக்கிரம் வாங்குங்க அண்ணாச்சி, நான் இடுப்பு வலிக்காரி." பதினெட்டு என்றபோது வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபத்திரண்டில் அது முழுதாக நீண்டு பிள்ளையின் அடியில் போனது. முதுகை நிமிர்த்தச் சொல்லி கையிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. நிமிர்த்தினேன். மூச்சை இழுத்தேன். என் மகளை வாங்கிக்கொண்டேன். அழுதேன், கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை.

நாலு தடவை தூக்கிய பிறகு வலது கை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. உடனே இடது கை வாங்கிக்கொண்டது. அதனிடம் பிள்ளை மறுபடி மூன்று கிலோ. தொங்கும்வரை தாலாட்டியது. சிஸ்டர் அட்டையில் இரண்டு எடையையும் குறித்துக்கொண்டார். "சில பிள்ளைகளுக்கு அனுசரிச்சுப் போற குணம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஹார்பர்காரரின் பிள்ளையை எடுத்துவர உள்ளே போனார்.

பிரம்மசக்தியிடம் கொண்டுபோய் மடியில் வைத்தேன். அங்கே பிள்ளைக்கு எடையே இல்லை. பத்து மாதம் சுமந்தவளிடம் மேற்கொண்டும் கனக்க அதற்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. மடியிலிருந்து ஒரு ஜாண் மேலே எழுந்து, அப்படியே தூங்கிப்போனது. பிரம்மசக்தி முந்தானை நுனியை அதன் காலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"காத்து வருது, அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்றாள்.

நான் போய்ச் சாத்தினேன்.