எங்கள் புல்லில் நின்ற மாடுகள்

பால் கம்பெனியிலிருந்து வந்த கிரேக் நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக எனக்கு மறந்துவிடும். எங்கள் குலத்தார் கூடுகிற கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் ஆட்கள் முப்பது பேரோடும் எங்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொன்ன பிறகுதான் பையிலிருந்து தாளை எடுத்தான்.

தாளில் எங்கள் பண்ணைக்குச் சிவப்பு, பூமியைச் சூடாக்குகிறதாம். வேலிக்கு அந்தப் பக்கம் நெவிலுக்குப் பச்சை. வெறும் பச்சை போதாதென்று 'பூமியைக் குளிர்விக்கும் பண்ணை' என்று ஒரு பட்டம் வேறு. நெவிலிடம் அறுநூற்றிருபது மாடு, எங்களிடம் நூற்றெண்பது. சிவப்பு வாங்கிய பண்ணையின் பாலை ஜூன் மாதத்திலிருந்து கம்பெனி எடுக்காது. எங்கள் மாடுகள் ஆகஸ்டில் ஈனும். லாரி வராவிட்டால் அந்தப் பாலை ஆற்றில்தான் கொட்ட வேண்டும், அதற்கும் இங்கே அபராதம் உண்டு.

மாடு ஏப்பம் விட்டால் மீத்தேன் வருகிறது. கரியமில வாயு வந்தால் போகவே போகாத விருந்தாளி. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கிளம்பிவிடும், ஆனால் இருக்கிறவரைக்கும் வீட்டைத் தலைகீழாக்கும். இந்த இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்று படித்தவர்கள் வெகுகாலமாகச் சண்டை போடுகிறார்கள். போன வருஷம்வரை கம்பெனி ஒரு கிலோ மீத்தேனை இருபத்தெட்டு கிலோ கரியமில வாயுவாக எண்ணியது. மாடு எத்தனையோ அத்தனை பாவம். இந்த வருஷம் தராசை மாற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட மாடு கூடியதா குறைந்ததா என்பதுதான் இப்போது கேள்வி. கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. பழைய மீத்தேன் கரைகிற அளவுக்கே புதியது வந்தால் சூடு பெரிதாக ஏறாது என்கிறார்கள். உலகம் முழுவதற்கும் போட்டால் அது சரியான கணக்குதான். ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போடும்போதுதான் வயிறு எரிகிறது.

இருபது வருஷத்துக்கு முன்பு நெவிலிடம் தொள்ளாயிரம் மாடு. அதில் முந்நூறு நின்றது எங்கள் நிலத்தில். எங்கள் குலத்தாரைக் கேட்காமலே அரசாங்கம் அவன் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் அது. இருபத்தொரு வருஷத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்கிற குத்தகை. போன முறை முடியும் சமயத்தில், சொந்த நிலத்தின் குத்தகை உரிமையை விலை கொடுத்து வாங்கித்தான் மீட்டோம். நிலம் போனதால் நெவில் மாடுகளைக் குறைத்தான். அவன் குளிர்ச்சி அங்கிருந்துதான் வந்தது. அதே புல்லில் நாங்கள் நூற்றெண்பதை விட்டோம், எங்களுக்குச் சிவப்பு.

படிவத்தை நிரப்பியவள் நான். 'இருபது ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாடுகள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். யோசிக்கவே இல்லை, எங்களிடம் ஒரு கன்றுக்குட்டிகூட இருந்ததில்லை.

கிரேக் அந்தக் கட்டத்தில்தான் விரல் வைத்தான். "ஹேனி, இத மட்டும் மாத்திடுங்க. முந்நூறுன்னு போடுங்க. நிலம் உங்களதுதானே, அங்க நின்ன மாட்ட உங்க கணக்குல காட்டலாம். நெவில் ஏற்கனவே காட்டியிருக்காரு, ஆனா யாரும் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கப் போறதில்ல. இன்னைக்கே பச்சையாயிடும்."

உண்மையைச் சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். ஒரு எண், ஆகஸ்டில் லாரி வரும். எங்கள் கூடத்தில் கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிற வழக்கமில்லை. எல்லாரும் ஒத்துப்போகும்வரை பேச வேண்டும், எழுந்து நிற்பவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. ஒவ்வொருவராக எழுந்து சரி, போட்டுவிடு என்றார்கள். ஒத்துப்போகாதவள் ராவினியா சித்தி ஒருத்திதான்.

சித்தி எழுந்தாள். முட்டி இரண்டும் போய்விட்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அந்த முந்நூறு மாட்டையும் கறந்தவ நான். பதினாறு வருஷம், நெவிலோட அப்பன்கிட்ட கூலிக்கு. என் நிலத்துல நின்னு, என் புல்ல தின்ன மாட்ட. ஒரு குவளை பால் வீட்டுக்குக் கொண்டுபோக விட்டதில்ல. இப்ப இவன் வந்து, மாடு உன்னோடதுதான்னு எழுதிக்கங்கறான். பாலு அவனுக்கு, ஏப்பம் எனக்கா? எழுதுடி ஹேனி, எழுதிட்டு இந்தப் பக்கம் வந்துடாத."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் பேனாவை வைத்தேன். வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிதாகக் கோபம்.

கிரேக்கிடம் ஒரு கேள்வி கேட்டேன். நாங்கள் இந்த நூற்றெண்பது மாட்டையும் நாளைக்கே நெவிலுக்கு விற்றுவிடுகிறோம். நிலத்தையும் அவனுக்கே குத்தகைக்குத் திருப்பி விடுகிறோம் என்று வைத்துக்கொள். அதே மாடு, அதே புல், அதே ஏப்பம். அப்போது என்ன நிறம்?

அவன் கணினியில் தட்டினான். அறுநூற்றிருபதோடு நூற்றெண்பது, எண்ணூறு. தொள்ளாயிரத்தைவிட நூறு குறைவு. திரை பச்சையாகவே நின்றது, பட்டத்தோடு.

கிரேக் திரையை மூடப் போனான். மூடாதே என்றேன்.

"எங்க கையில இருந்தா பூமிய சுடுது, அவன் கையில இருந்தா குளிர்விக்குதா? மாட்டுக்குத் தெரியுமா கிரேக், தான் யாரு மாடுன்னு?"

"இந்தக் கணக்க நான் போடல, ஹேனி."

"தெரியும். ஆனா நீதான் இப்ப போட்டுக் காட்டின. அத அச்செடுத்து, கீழ உன் பேர எழுதிக் குடு."

அவன் அந்த எண்களை மறுபடியும் ஒருமுறை தட்டிப் பார்த்தான். அதற்குள் சமையலறையில் பன்றிக்கறியும் கீரையும் வெந்துவிட்டது. சண்டை எவ்வளவு இருந்தாலும் விருந்தாளியைப் பசியோடு அனுப்பக் கூடாது. சித்தியே அவன் தட்டில் பொரித்த ரொட்டி இரண்டு வைத்து, தின்னுடா, உன்மேல எனக்குக் கோபமில்ல என்றாள். பாதி தின்றதும் எழுந்து போய் இரண்டு தாளையும் அச்செடுத்துக்கொண்டு வந்தான், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டிலும் தேதி போட்டுப் பெயரெழுதினான். வேலை போகலாம் என்று அவனுக்கும் தெரியும்.

பால் ஊற்றுகிற பண்ணைக்காரர்கள்தான் கம்பெனியின் பங்குதாரர்கள், அவர்கள் கூட்டம் மே கடைசியில். அங்கே வருகிற ஒவ்வொரு பண்ணைக்காரர் கையிலும் அந்த இரண்டு தாளும் இருக்கும், அதற்கு நாங்கள் எல்லாரும் ஒத்துப்போய்விட்டோம். மாட்டை மாட்டாக எண்ணுங்கள், இல்லையென்றால் நிலத்தின் கதையையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்கப் போகிறோம். லாரி வருமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்து நான் போடவில்லை. சித்தியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தைத் தேடினாள். நான் எழுதியிருந்த பூஜ்யத்தின் மேலேயே பேனாவை வைத்து, தாள் கிழிகிற மாதிரி, அதையே இன்னொரு முறை எழுதினாள்.