பி மேலே

செண்பகம் அட்டையை வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் திருப்பினாள், கடைசியில் டி எழுத்து மேலே வரும்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டி என்றால் 'தெரியவில்லை' என்று அர்த்தம். ஆறாம் வகுப்பில் அவள் வாயைத் திறந்து அப்படிச் சொன்னதே கிடையாது. பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று ஜன்னல் கம்பியைப் பார்ப்பாள். அட்டை வந்த பிறகுதான் அவளிடமும் ஒரு பதில் இருந்தது.

அட்டையைக் கொண்டுவந்தவள் குணமதி. திண்டிவனத்தில் பி.எட். படிப்பவள், பயிற்சிக்காக இந்த அரசுப் பள்ளிக்கு வந்திருந்தாள். அட்டையில் கறுப்புவெள்ளைக் கட்டங்கள், நாலு ஓரத்திலும் ஏ, பி, சி, டி. நினைக்கிற விடை மேலே வரும்படி பிள்ளைகள் தூக்கிப் பிடிக்க, டீச்சர் போனை வகுப்பின் மேல் ஒரு சுற்று சுற்றினால் போதும். சரியானவர்கள் பெயர் பச்சையிலும் மற்றவர்கள் பெயர் சிவப்பிலும் வந்துவிடும். ஒருவர் அட்டை மாதிரி இன்னொருவர் அட்டை இருக்காது, காப்பியடிக்க வழியில்லை. சிவப்பில் வந்த பிள்ளைகள் பக்கத்தில் குணமதி சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அன்று குணமதி செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?"

"நாலு பேரு இருந்தா நெறையத்தான மிஸ் குடுக்கணும்? கம்மியா குடுத்தா சண்ட வரும்ல."

குணமதிக்குச் சிரிப்பும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. வருஷக்கணக்காக அந்தத் தலைக்குள் இருந்த தப்பு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. கடலை மிட்டாயை உடைத்துக் காட்டினால் தீர்ந்தது.

அதற்குள் குணமதிக்கு பி.எட். செய்முறைத் தேர்வு வந்துவிட்டது; தேர்வாளர் முன்னால் இந்த வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். விழுப்புரத்திலிருந்து வெளித்தேர்வாளர் வருகிறார். அதற்கு முதல்நாள் ஒத்திகை பார்க்கக் கல்லூரி விரிவுரையாளர் நடராசன் வந்தார். போனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இவ்ளோ செவப்பு?"

"அதுக்குத்தான் சார் இந்த அட்டையே. யாருக்குப் புரியலன்னு..."

"புரியலன்னு காட்டிக்கினு இருந்தா மார்க் எவன் போடுவான்? எங்க காலத்துல தெரிஞ்சவன் வலது கை தூக்கணும், தெரியாதவன் இடது கை தூக்கணும். நாங்க வலது கையா பாத்து கேப்போம். வர்றவருக்கு மொத்த கிளாசும் தூக்கின மாதிரி இருக்கும். உனக்கு அந்தப் பேஜாரும் இல்ல. எல்லா கேள்விக்கும் பி-யையே விடையா வச்சிடு."

கெட்ட மனுஷர் இல்லை. தன் மாணவி தேறவேண்டும் என்று நினைத்தவர்தான். குணமதிக்கும் தேற வேண்டியிருந்தது. செய்முறையில் நல்ல மார்க் வந்தால் வேலை தருவதாக விழுப்புரத்தில் ஒரு பள்ளி சொல்லியிருந்தது. இல்லையென்றால் சொந்த ஊரான வல்லத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அப்பா நேமிநாதன் ஒரு மாப்பிள்ளை வீட்டைக் காக்கவைத்திருந்தார்.

மத்தியானம் முழுக்க ஒத்திகை. எது கேட்டாலும் பி மேலே. கை ஆடினால் போன் படிக்காது, ஆடாமல் பிடிக்க வேண்டும்.

செண்பகம் எழுந்து நின்றாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. "தெரியலன்னா டி-ன்னு சொன்னீங்களே மிஸ்?"

"நாளைக்கு மட்டும் பி."

"தெரியாதப்பவுமா?"

"சொன்னத செய்டி!"

அந்தப் பிள்ளையை அவள் டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. செண்பகம் உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வன்று போன் திரை முழுக்கப் பச்சை. தேர்வாளர் கைதட்டினார். எதிர்கால ஆசிரியர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பேசி, பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷத்து மாணவர்களுக்குப் போட்டுக்காட்ட நடராசன் பாடம் முழுவதையும் வீடியோ எடுத்திருந்தார். விழுப்புரத்து வேலை கிடைத்த மாதிரிதான். ராத்திரி குணமதிக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் பயிற்சியின் கடைசி நாள். கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றை மூன்றாக உடைத்தாள், அதே அளவான இன்னொன்றை நான்காக உடைத்தாள், மேசைமேல் பிள்ளைகளுக்குத் தெரியும்படி வைத்தாள். எந்தத் துண்டு பெரியது? மூன்றில் ஒன்று என்றால் ஏ, நான்கில் ஒன்று என்றால் பி.

"இது பரீட்ச இல்ல. யாரும் வரமாட்டாங்க. உங்களுக்குத் தோணுறத காட்டுங்க. தெரியலன்னா டி."

அட்டைகள் மேலே போயின. போனை ஒரு சுற்று சுற்றினாள். திரை முழுக்கச் சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பு முழுக்க பி மேலே. ஒரு கையும் ஆடவில்லை. செண்பகம் மிட்டாயைப் பார்க்கவேயில்லை; அட்டையைத் தலைக்குமேல் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு, குணமதியின் முகத்தையே பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப கரெக்டா புடிச்சிருக்கேனா மிஸ்?"