தூக்கிப் போடுவதற்கு ஒரு பொக்கே

“குளியலறையில வாளியோட வைக்கச் சொன்னாரு பூக்காரரு. அவருக்குத் தெரியாததா உனக்கு—”

“அவர் வித்தாச்சு, காசை வாங்கிப் பையில போட்டாச்சு. இனிமே வதங்கினா அவருக்கென்ன—”

“என்னைப் பேச விடும்மா—”

“பேசு, யாரு உன் வாயைப் பொத்தினா? அந்தக் குளியலறையில ஜன்னலே கிடையாது. குளிச்சிட்டு வெளிய வந்தா நானே வதங்கின கீரை மாதிரி இருக்கேன். பூ தாங்குமா?”

“கீரை, கீரை. எதைப் பேசினாலும் கீரையில கொண்டுபோய் நிறுத்து.”

மகள் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று வாளிகள். விடிகாலையில் மொத்தப் பூச்சந்தைக்குப் போய், அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி வந்த அறுபது கார்னேஷன். எல்லாம் வெள்ளை, எல்லாம் மொட்டு. பச்சைக் கூம்பின் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை எட்டிப் பார்த்தது. இன்று வியாழன். சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்.

“என் கோல்டு ரூம்ல வெச்சா மொட்டு அப்படியே நிக்கும். நாளைக்கு மத்தியானம் எடுத்தா சாயங்காலத்துக்குள்ள விரிஞ்சிடும். உட்கார்ந்து கட்டினா வேலை முடிஞ்சுது.”

“உன் கோல்டு ரூமா? கம்பெனியோடதும்மா அது.”

“இருபத்திரெண்டு வருஷமா சாவி என் இடுப்புல தொங்குது. யாரோடதுன்னு சாவியைக் கேளு.”

ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் அம்மா ஸ்டோர் பார்க்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் ஸ்டோரம்மா. அரிசி மூட்டையிலிருந்து எலுமிச்சம்பழம் வரைக்கும் அவள் கண்ணில் படாமல் உள்ளே வராது, வெளியே போகாது.

கல்யாணச் செலவைப் பெரும்பாலும் மகளும் மாப்பிள்ளையும் தங்கள் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மண்டபத்திலிருந்து நேராக விமான நிலையம். அங்கே போய் வீடு பிடிக்க வேண்டும், ஆகவே இங்கே கையைச் சுருக்கிச் சுருக்கித்தான் எல்லாம். மணப்பெண் கைக்கு ஒன்று, தோழிகள் கைக்கு இரண்டு என்று மூன்று பொக்கேவுக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு மகள் போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அம்மா, “நான் கட்டித் தர்றேன்,” என்றாள்.

அன்றிலிருந்து வெங்காயத் தாளை வைத்துப் பழகினாள். ஒரு காம்பை நேராகப் பிடித்து, அடுத்ததைச் சாய்த்து, அதற்கடுத்ததையும் அதே பக்கமாகச் சாய்த்து, பிடியைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சரியாகக் கட்டினால் கொத்து யாரும் பிடிக்காமலே மேஜையில் காலூன்றி நிற்கும். மூன்று வாரம் விழுந்துகொண்டே இருந்தது. நின்ற அன்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அந்த வெங்காயத் தாள் சூப்பைக் குடிச்சுக் குடிச்சு எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு ஆயிடுச்சு,” என்றாள் மகள் இப்போது, வாளியைப் பார்த்தபடி. “அத்தை நேத்தும் போன் பண்ணினாங்க. ஒரு வார்த்தை சொல்லு, எங்க கடைக்காரர் மூணையும் கொண்டுவந்து இறக்கிடுவார்னாங்க.”

அத்தை என்றால் மாப்பிள்ளையின் அம்மா.

“மண்டபம் அவங்க பிடிச்சுக் கொடுத்தது. சாப்பாடு அவங்க ஆளுங்க. கார் அவங்களுது. பூவும் அவங்களே போட்டுட்டா, நான் எதுக்கு? விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுட்டுப் போறதுக்கா?”

“யாரும் அப்படிச் சொல்லல.”

“சொல்ல வேற செய்யணுமா?”

மகள் காலை மடக்கி வழி விட்டாள். அம்மாவுக்கு அதுவே போதும். வாளிகளைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

அந்தக் காரில்தான் விஷயமே இருந்தது. சனிக்கிழமை காலை வீட்டுக்கு ஒரு கார் வரும். பின் சீட்டில் மகளும் அவளுடைய அகன்ற கல்யாணக் கவுனும் இரண்டு தோழிகளும். “முன்னாடி அம்மா. மடியில பூ வெச்சிருப்பாங்க, நசுங்காமப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்ல,” என்று போன வாரம் மகள் யாரிடமோ போனில் சொன்னதை அம்மா கேட்டிருந்தாள். மண்டபத்துக்கு நாற்பது நிமிடம். மகளோடு கடைசியாக நாற்பது நிமிடம். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டால் மகள், “பார்ப்போம்மா,” என்றுதான் சொல்கிறாள்.

கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பாத்திரச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. காய்கறி வைக்கிற குளிரறையான கோல்டு ரூமின் கதவைத் திறந்து வாளிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். சொந்தச் சாமான் எதையும் அங்கே வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். சமையல் மாஸ்டர் தன் பையனின் பிறந்தநாள் கேக்கை வைத்தபோது, எடுத்து வெளியே வைத்துவிட்டாள். கேக் இளகி வழிந்தது. இரண்டு வருடமாகியும் அவர் அதை மறக்கவில்லை.

“மாஸ்டர், மகளுக்குக் கல்யாணம், ஒரு நாள் பூ இருக்கட்டும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தை வரவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. சனிக்கிழமை லீவுக்குக்கூடச் சொந்த வேலை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆகவே வாளிகளை மூலைக்குத் தள்ளி, மறைவாக ஆப்பிள் பெட்டிகளை முன்னால் அடுக்கினாள். நன்றாகப் பழுத்த ஆப்பிள். ரூம் முழுக்க மணத்தது. கதவை இழுத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டிகளை நகர்த்தியபோது, விளக்கு வெளிச்சம் சரியில்லையோ என்று முதலில் நினைத்தாள். ஒரு வாளியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். மொட்டு விரியவும் இல்லை, நேற்று மாதிரி இறுக்கமாகவும் இல்லை. எட்டிப் பார்த்த வெள்ளை உள்பக்கமாகச் சுருண்டு, தூக்கத்தில் மூடிய கண் மாதிரி இருந்தது. தொட்டால் துவண்டது.

“என்ன ஸ்டோரம்மா, பூ வியாபாரம் ஆரம்பிச்சாச்சா?” மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “கேக்குக்கு இடமில்ல, பூவுக்கு இடமிருக்கு.”

“வழியை விடுங்க மாஸ்டர்.”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. “ஆப்பிளுக்குப் பின்னாடியா வெச்சீங்க?”

“ஏன்?”

அவர் கதவை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே அவளுடைய கையெழுத்தில் ஒரு அட்டை. பழுத்த பழத்துக்குப் பக்கத்தில் கீரையை வைக்காதே, பழத்தின் மூச்சு பட்டால் கீரை ஒரே நாளில் மஞ்சளாகும். எட்டு வருடத்துக்கு முன் எழுதி ஒட்டியது. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரையும் நிற்க வைத்து வாசிக்கச் சொல்வாள்.

“அது கீரைக்கு எழுதினது,” என்றாள்.

“பூ மட்டும் என்ன, பிளாஸ்டிக்கா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “யாருக்கு இவ்வளவு பூ?”

“தெரிஞ்சவங்களுக்கு.”

வாளிகளை ஆட்டோவில் ஏற்ற அவர்தான் கை கொடுத்தார்.

வீட்டில் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். மகள் தரையில் துணி விரித்து, ஒவ்வொரு காம்பாக எடுத்துப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்தாள். ஆப்பிள் பெட்டிகளிலிருந்து தள்ளி இருந்த வாளியில் மட்டும் சில பிழைத்திருந்தன. பதினொன்று.

“வெந்நீர்ல வெச்சுப் பார்க்கலாமா?” என்றாள் அம்மா.

“பூக்காரருக்குப் போன் பண்ணினேன். தூங்கிப்போன கார்னேஷன் எழுந்துக்காதுன்னுட்டாரு. ஆப்பிள் பக்கத்துல வெச்சீங்களான்னு அவரே கேட்டாரு.”

“ஊருக்கே தெரிஞ்சிருக்கு.”

“உனக்கும் தெரிஞ்சிருந்துதேம்மா.”

மகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. “ஆமா அத்தை… இல்ல இல்ல, அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க… மூணும்தான்… சரி அத்தை, நேரா மண்டபத்துக்கே அனுப்பச் சொல்லிடுங்க.”

அம்மா பதினொரு பூவையும் ஒரு சொம்பில் போட்டாள். திரும்பி வந்த மகள் சொம்பைப் பார்த்தாள்.

“அம்மா, தூக்கிப் போடறதுக்கு ஒண்ணு வேணும்.”

“என்னது?”

“கடைசியில நான் திரும்பி நின்னு பின்பக்கமா பொக்கேயைத் தூக்கிப் போடுவேன்ல, கல்யாணமாகாத பொண்ணுங்க பிடிப்பாங்க. அத்தை வாங்கறது விலை ஜாஸ்தி, அதைப் போட்டா நல்லா இருக்காது. இதுக்குன்னு மலிவா ஒண்ணு தனியா செஞ்சுக்குவாங்க எல்லாரும். நீ அதைக் கட்டிடேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. “அது… பதினொண்ணு அதுக்குப் போதும்னு…”

“போதும்,” என்றாள் அம்மா. “யாரும் பிடிக்காமக் கீழ விழுந்தா?”

“விழுந்தா விழட்டும்மா.”

“அப்போ இறுக்கித்தான் கட்டணும்.”

மகள் இன்னும் போகாமல் நின்றாள். “முன் சீட்டை போட்டோக்காரர் கேட்டாரும்மா. வழியிலேயே படம் எடுக்கணுமாம். பூவெல்லாம் நேரா அங்கேயே போயிடுது, உன் மடியிலயும் ஒண்ணும் இல்லையேன்னு… சரின்னுட்டேன். இன்னொரு கார் சொல்லவா?”

“எதுக்குத் தண்டச் செலவு? கேன்டீன் வேன் வரும். சொல்லி வெச்சிருக்கேன்.”

“நிஜமாவா?”

“இருபத்திரெண்டு வருஷம் உழைச்சிருக்கேன். ஒரு வேன் வராதா எனக்கு?”

ஜன்னல் தொட்டியில் புதினா முற்றிப் பூத்திருந்தது. அதைக் கிள்ளி, பதினொரு பூவோடு சேர்த்துச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தாள். மூட்டை கட்டுகிற சணலை நாலு சுற்றுச் சுற்றி, மூட்டைக்குப் போடுகிற முடிச்சையே போட்டாள். பிடிக்கிற இடத்தில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றித் தைத்தாள். மேஜையில் வைத்தாள். நின்றது. மகளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மகளின் முதுகில் ஜிப்பை ஏற்றிவிட்டாள். கீழே ஹார்ன் அடித்தது. தோழிகள் உடுப்பைத் தூக்கிப் பிடித்து அவளைக் காருக்குள் அடைத்தார்கள். முன் சீட்டில் போட்டோக்காரர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வேன் எப்போம்மா?”

“கிளம்பிட்டானாம். நீ போ, பின்னாடியே வந்துடறேன்.”

கார் தெருமுனை திரும்பியதும் அம்மா வீட்டைப் பூட்டினாள். எந்த டிரைவரிடமும் அவள் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. பொக்கேயை ஒரு துணிப்பையில் நிற்க வைத்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இரண்டு பஸ். இரண்டாவதில் கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தார்.

“பூ வாசனை தூக்குதே. யாருக்கும்மா கல்யாணம்?”

“என் மகளுக்கு.”

இந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக வாய் விட்டுச் சொன்னாள். கண்டக்டர் அவளுடைய பட்டுப்புடவையைப் பார்த்தார், பிறகு பஸ்ஸைப் பார்த்தார். “மகள் கல்யாணத்துக்கு பஸ்ஸுலயா,” என்று சிரிக்கப்போனவர், டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மண்டபத்தில் எல்லாம் சரியாக நடந்தது. கடைப் பூ அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சம்பந்தியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, “நீங்க எதுக்கும் அலையக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் நானே பார்த்துட்டேன், வந்து உட்காருங்க,” என்று இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்கார்ந்தாள். கடைசியில் மகள் திரும்பி நின்று அந்தச் சிறிய கொத்தைப் பின்பக்கமாக வீசினாள். உயரமாகப் போய், ஒரு பெண்ணின் விரலில் பட்டு, தரையில் விழுந்து உருண்டது. ஒரே சிரிப்பு. யாரோ எடுத்தார்கள், யாரோ கையை உயர்த்திக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள். சாப்பாடு முடிந்து பார்த்தபோது அது ஒரு காலி நாற்காலியில் கிடந்தது. அம்மா எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு காம்புகூட நழுவவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் நாலு மணிக்குள் போய்விட்டார்கள். வாசலில் ஒரே ஒரு கார், பெட்டி படுக்கையோடு. முன் சீட்டில் சம்பந்தியம்மா, வழியனுப்ப. பின்னால் மகளும் மாப்பிள்ளையும், மூன்றாவது ஆளுக்கு இடமில்லாமல் பைகள்.

அம்மா ஜன்னல் பக்கம் போய்க் கொத்தைத் தூக்கிக் காட்டினாள். “கீழ விழுந்தும் பிரியல பாரு.”

மகள் அதை வாங்கி மூக்கருகே வைத்தாள். “புதினா,” என்றாள். “நம்ம தொட்டியிலேர்ந்தா?”

“ஆமா. நீ எடுத்துட்டுப் போறியா?”

“பூவெல்லாம் அங்க உள்ள விட மாட்டாங்கம்மா.” திருப்பிக் கொடுத்தாள். அம்மாவின் விரலையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். “நல்லாத்தான் கட்டியிருக்கே.”

“நேரமாச்சும்மா,” என்றார் சம்பந்தியம்மா முன்னாலிருந்து. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

கார் மண்டபத்து கேட் வரைக்கும் போய் நின்றது. கண்ணாடி மறுபடி இறங்கியது. மகள் தலையை வெளியே நீட்டி, அம்மாவைத் தாண்டி, காலியாகக் கிடந்த வாசல் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

“அம்மா, வேன் எங்கே?”