காலி நாற்காலிகளுக்கு ஆங்கிலப் பாடம்

நூலகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘மைக்’. ஆங்கிலம் தெரியாதவர்கள் இலவச மின்னூலகத்தில் கதை கேட்டு, கூடவே வாசித்துப் பழக ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதை ஆங்கிலத்திலேயே சொற்பொழிவாற்றித் திறந்துவைத்தார். மைத்துனர் எழுதிக்கொடுத்து, மைக் மனப்பாடம் செய்த உரை. கைதட்டியவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை, மைக்குக்கும்தான்.

கற்க ஆசைப்பட்டவர்கள் தையல் ஆலையிலும் பாத்திரம் தேய்க்கும் இடத்திலும் வேலை செய்பவர்கள். அவர்கள் வேலை முடிந்து வருவதற்குள் அறையைப் பூட்டிவிடுவார்கள். “ஆர்வம் இருக்கிறவன் லீவு போட்டுட்டு வரட்டும்” என்பது மைக்கின் கொள்கை. யாரும் வரவில்லை. ஹெட்போன்களில் தூசிதான் பாடம் கேட்டது.

ஆள் வராத அறையை மூடப்போவதாகத் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அறையோடு மைக்கின் பதவி உயர்வும் மூடிவிடும்.

“ஆள்தானே இல்ல? நாமளே உண்டாக்கிடலாம்,” என்றார் பதிவு மேசைப் பெண்ணிடம். “ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒரு பேரைப் போட்டு, பாடத்தை ஓடவிட்டுட்டு வாம்மா.”

“பேய்க்குப் பேர் வச்சுப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிற மாதிரி இருக்கு சார்.”

“சேரட்டுமே. இலவசம்தானே!”

மறுநாள் அவள் வெளிறிப்போய் வந்தாள். “சார், பாடமெல்லாம் பாதி தாண்டிடுச்சு.”

“சந்தோஷம்.”

“என்ன சார் சந்தோஷம்? அது ஒரு வாக்கியம் சொல்லிட்டு நிக்கும். யாராவது திருப்பிச் சொன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும். யார் சார் சொன்னா?”

மைக் போய்க் கதவருகே நின்று கேட்டார். ஹெட்போனிலிருந்து ஒரு பெண்குரல் மெல்ல ஒரு வாக்கியம் சொன்னது. நிசப்தம். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து, வெறும் காற்று தடுமாறித் தடுமாறி அதையே திருப்பிச் சொன்னது.

மைக் ஓரடி பின்வாங்கினார். ஆனால் பயன்பாடு ஏறியிருப்பதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால், அது தெய்வம்தானா என்று சோதிப்பவன் உத்தியோகத்தில் உயரமாட்டான். கதவைச் சாத்திவிட்டார்.

பாராட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பெண் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். அறைக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையே, நல்ல கூட்டம்!”

மைக்கின் கண்ணுக்கு எல்லா நாற்காலியும் காலி. பின்னால் நின்ற மேசைப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதோ, அந்த ஒரு இடம்தான் பாக்கி. நீங்க உக்காந்து இவங்களோட ஒரு பாடம் படிச்சுக் காட்டுங்க சார். பார்த்துட்டு உங்க பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

உட்கார்ந்தார். இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததைப் போல ஹெட்போன் வெதுவெதுப்பாக இருந்தது. பெண்குரல் பேசியது. எளிய ஆங்கில வாக்கியம், அவருக்கே புரிந்துவிட்டது, அதுதான் வினை. “எனக்கு ஆங்கிலம் தெரியாது, தயவுசெய்து உதவுங்கள்.”

சுற்றிலும் ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் காற்று முறைவைத்து அதைச் சொன்னது, பிசிறில்லாமல், வெட்கமில்லாமல். அப்புறம் அவர் முறை.

அதிகாரி பேனா மூடியைத் திறந்து காத்திருந்தார். மைக் ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார். அதை எப்படி அந்த அம்மாள் காதுபடச் சொல்வது? பெண்குரல் அலுக்காமல் மறுபடி சொன்னது. மறுபடியும். பாடம் நகரவில்லை. எழுந்துவிடலாம் என்று பார்த்தார்; அதிகாரியின் பேனா இன்னும் திறந்தே இருந்தது. காலி நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டு அவர் பக்கம் திரும்பின.

தோளில் குளிர்ந்த கை ஒன்று பதிந்தது. ஹெட்போனுக்கு வெளியே, காதோரம், பரிவோடு ஒரு குரல்:

“பயப்படாதீங்க சார். முதல் நாள் நாங்களும் இப்படித்தான்.”